பெயர் மயக்கமும் அதன் தீர்வும்

கோலாலம்பூரில் உள்ள பங்சாருக்கு அப்பெயர் வந்த வகை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர்களைச் சேர்த்து அத்தோட்டத்திற்கு இட்ட பெயரே நாளடைவில் தேய்ந்து பங்சார் ஆயிற்று என்பர். அங்கே இரு பெயர் ஒரு பெயராயின.

அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான செய்தியொன்று அதன் அண்டையில் நிகழ்ந்தது. பங்சாருக்குத் தெற்கே கம்போங் கெரிஞ்சியின் ஒரு பகுதியில் அலுவலக மாடங்களும் அடுக்கு வீடுகளும் எழுந்தபோது, அவற்றைக் கட்டியோர் அவ்விடத்திற்குப் ‘பங்சார் சவுத்’ எனப் பெயரிட்டனர். ஒரு பெயர் இரண்டு இடங்களுக்கு உரியதாயிற்று. 2018-ஆம் ஆண்டில் கெரிஞ்சி என்னும் பழம்பெயர் மீட்கப்பட்டது. எனினும் வணிக வழக்கில் புதுப்பெயர் நிலைத்துவிட்டது. ‘பங்சாருக்கு வருக’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் பங்சார் ரயில் நிலையத்தில் இறங்கிவிடுவார். அவர் போக வேண்டிய அலுவலகமோ இரண்டு நிலையங்களுக்கு அப்பால், கெரிஞ்சி நிலையத்தின் அருகில் இருக்கும்.

இங்கே சொன்னவரும் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. பெயர் ஒன்று, பொருள் இரண்டு என்பதே மயக்கத்திற்குக் காரணம். இதே மயக்கம் கணினிக்கு ஆணை எழுதுவோரை நாள்தோறும் அலைக்கழிக்கின்றது. அதன் இயல்பும் தீர்வும் யாவை என்பதைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், 2017 முதல் மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் அடிப்படை ஒரு பாடமாக உள்ளது. தமிழ்ப் பள்ளியிலிருந்து செல்லும் மாணவர் பலர் அதைக் கற்கின்றனர். அன்றியும், இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழிகளுள் சில, தமிழ் இலக்கணத்திலும் புலவர் பெயர் வழக்கிலும் நெடுங்காலமாகப் பயின்று வருவன.

செயற்கூறும் நூலகமும்

கணினிக்கு இடும் ஆணைகளின் வரிசையை நிரல் என்கிறோம். ஒரு நிரலில் அடிக்கடி தேவைப்படும் பணியை ஒருமுறை எழுதி, அதற்கொரு பெயர் சூட்டி வைத்தால், பிறகு அப்பெயரைச் சொல்லி அழைத்த அளவில் அப்பணி நடைபெறும். இவ்வாறு பெயர் பெற்ற பணிப்பகுதியே செயற்கூறு. பலருக்கும் பயன்படும் செயற்கூறுகளைத் தொகுத்து வைத்திருப்பது நூலகம். கணக்கிடுவதற்கு ஒரு நூலகம், படம் வரைவதற்கு ஒரு நூலகம், எழுத்துகளை ஆள்வதற்கு ஒரு நூலகம் எனப் பல்லாயிரம் நூலகங்கள் இன்று உலகெங்கும் உள்ளன. எந்த நிரலும் முழுக்க முழுக்க ஒருவர் கையால் எழுதப்படுவதில்லை. பிறர் இயற்றிய நூலகங்கள் பலவற்றை வருவித்துக்கொண்டே எழுதப்படுகின்றது.

அந்நூலகங்களை இயற்றினோர் ஒருவரையொருவர் அறியார். ஒருவர் அமெரிக்காவிலும் மற்றவர் ஜப்பானிலும் இருக்கலாம். ஆயினும் ‘திற’, ‘எண்ணு’, ‘தேடு’, ‘வெட்டு’ போன்ற எளிய பெயர்களையே இருவரும் விரும்புவர். தத்தம் நூலகத்துள் அப்பெயர்கள் குற்றமற்றவை. இரண்டு நூலகங்களும் ஒரே நிரலுக்குள் வந்து சேரும்போதே மோதல் எழுகின்றது.

இதனால் விளையும் கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ‘கோப்பு’ என்றொரு நூலகமும் ‘காப்பு’ என்றொரு நூலகமும் இருப்பதாகக் கொள்க. இரண்டிலும் ‘படி’ என்னும் செயற்கூறு உண்டு. முதலாவதில் ‘படி’ என்பது ஏவல் வினை. தரப்பட்ட இரு கோப்புகளையும் வாசித்து அவற்றின் உள்ளடக்கத்தைத் தரும். இரண்டாவதில் ‘படி’ என்பது பெயர்ச்சொல். நகல் என்று பொருள்படும். அச்செயற்கூறு முதற் கோப்பை நகலெடுத்து இரண்டாவது கோப்பின் மேல் எழுதிவிடும். சென்ற ஆண்டின் மாணவர் பதிவேட்டையும் இவ்வாண்டின் பதிவேட்டையும் ஒப்புநோக்க விரும்பும் ஒருவர், இரண்டையும் வாசிக்கும் எண்ணத்துடன் ‘படி’ என்று எழுதுகிறார். கணினியோ காப்பு நூலகத்துப் ‘படி’யை எடுத்துக்கொள்கிறது. இவ்வாண்டின் பதிவேடு அழிந்து, அதனிடத்தில் சென்ற ஆண்டினது வந்து அமர்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயர்கள் மறைந்தன. பிழையென்று எந்த அறிவிப்பும் திரையில் தோன்றவில்லை. ஏனெனில், கணினியைப் பொறுத்தவரை பிழை எதுவும் நிகழவில்லை. இட்ட ஆணை செவ்வனே நிறைவேறியது.

ஓசையுள்ள மோதலும் ஓசையற்ற மோதலும்

பெயர் மோதல் இருவகைப்படும். முதல் வகையில், இப்பெயருக்கு இரண்டு பொருள் உள்ளன, எதைக் கொள்வது என்று கணினி கேட்டு நின்றுவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியில் இதற்கு நல்லதொரு சான்று உண்டு. 2017-ஆம் ஆண்டுத் தரவரையறையில் அம்மொழியின் பொது நூலகம் ‘பைட்’ என்னும் பெயரைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் இயங்குதளத்தின் தலைப்புக் கோப்புகளிலோ அதே பெயர் முன்பே இருந்தது. பொது நூலகத்துப் பெயர்களையெல்லாம் ஒருங்கே திறந்துவிட்டு எழுதப்பட்ட பழைய நிரல்கள் பல, புதிய தரத்திற்கு மாற்றப்பட்டபோது, ‘பைட்’ என்பது எது என்று தெளியாமல் நின்றுவிட்டன. எழுதினோர்க்கு அது தொல்லையே. எனினும் பிழை வெளிப்பட்டது, திருத்த இயன்றது.

இரண்டாம் வகையில் கணினி எதுவும் கேட்பதில்லை. தன் விதிப்படி ஒன்றைத் தேர்ந்துகொண்டு மேற்செல்லும். பைத்தான் மொழியில் கோப்பைத் திறப்பதற்கு ‘ஓப்பன்’ என்னும் செயற்கூறு இயல்பாகவே உண்டு. அம்மொழியின் ‘ஓ.எஸ்.’ என்னும் நூலகத்திலும் ‘ஓப்பன்’ என ஒன்று உண்டு. முன்னது எழுதவும் வாசிக்கவும் ஏற்ற கோப்புப் பொருளைத் தருவது. பின்னது கோப்பைக் குறிக்கும் ஓர் எண்ணை மட்டுமே தருவது. ஓ.எஸ். நூலகத்தின் பெயர்கள் அனைத்தையும் நட்சத்திரக் குறியிட்டு ஒருசேர வருவித்தால், பின்வந்த ‘ஓப்பன்’ முன்னிருந்ததை மறைத்துவிடும். பைத்தானில் பின்வந்ததே வெல்லும். சி மொழி நிரல்கள் இயங்கும்போது இணைக்கப்படும் நூலகங்களிலோ, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், தேடும் வரிசையில் முதலில் அகப்பட்டதே பெரும்பாலும் கொள்ளப்படும். முந்தியது வெல்வதும் பிந்தியது வெல்வதும் மொழிக்கு மொழி வேறுபடுமாகலின், இவற்றை நம்பி எழுதுவது இடர் தரும்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையும் ஒன்று உண்டு. புள்ளியியலாளர் கையாளும் ஆர் மொழியில் ‘ஃபில்டர்’ என்னும் செயற்கூறு தொடக்கத்திலிருந்தே உள்ளது. காலவரிசைத் தரவுகளைச் சீர்செய்வது அதன் பணி. 2014-இல் வெளிவந்த ‘டிபிளையர்’ என்னும் நூலகத்திலும் ‘ஃபில்டர்’ உண்டு. அட்டவணையிலிருந்து வேண்டிய வரிகளைத் தெரிந்தெடுப்பது அதன் பணி. டிபிளையரை வருவித்தவுடன், பழைய ஃபில்டர் மறைக்கப்பட்டது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். புதிதாகக் கற்போர் பலர் அதைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்வர். பின்னர்க் காரணம் தெரியாமல் மயங்குவர். இந்நிலையை மாற்றவே, மயக்கம் உள்ள பெயரை அழைத்தவுடன் பிழை எனக் கூறி நிறுத்தும் துணைநூலகம் ஒன்றையும் பின்னர் இயற்றினர். ஓசையற்ற மோதலை ஓசையுள்ள மோதலாக மாற்றுவதே அதன் நோக்கம். பெயர் மோதுவது கேடன்று. மோதியது தெரியாமற் போவதே கேடு என்னும் தெளிவு இதற்கு அடிப்படை.

அடைமொழியால் தீர்த்தல்

மயக்கத்தைத் தீர்க்கும் வழிகளுள் தலையாயது, பெயரோடு அது பிறந்த இடத்தையும் சேர்த்துச் சொல்வதாகும். சங்கப் புலவர்களுள் சாத்தனார் என்னும் பெயருடையோர் பலர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், மோசி சாத்தனார் என அவர்களை வேறு பிரித்து வழங்கினர். எவரும் தம் பெயரை இழக்கவில்லை. ஊரோ தொழிலோ வேறோர் அடையோ முன்னே நின்று, இன்ன சாத்தனார் என்று காட்டிற்று. அடைமொழியின்றி நின்ற பெயர்களால் விளைந்த இடரையும் தமிழாசிரியர் அறிவர். ஔவையார் என்னும் ஒரு பெயரின் கீழ்ச் சங்ககாலப் புலவரும் பிற்காலத்தவரும் அடங்கியமையால், எப்பாடல் எவருடையது என்னும் ஆராய்ச்சி நீண்டுகொண்டே சென்றது.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. வெளிப்படையான செயற்கூறுப் பெயர்கள் யாவும் அம்மொழியில் ஒரே பொதுவெளியில் கிடக்கும். அவற்றைத் தனித்தனி அறைகளில் வைக்க அதில் ஏற்பாடு இல்லை. ஆகவே, நூலகத்தை இயற்றுவோர் தாமே ஒவ்வொரு பெயரின் முன்னும் ஓர் அடையைப் பூட்டினர். எஸ்.கியூ.லைட் என்னும் தரவுத்தள நூலகத்தின் செயற்கூறுகள் யாவும் ‘எஸ்கியூலைட்3’ என்னும் அடையோடு தொடங்குவதை இன்றும் காணலாம். ஆயின், இவ்வழிக்கும் ஒரு தடை இருந்தது. 1989-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரவரையறை, வெளிப்பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளை மட்டும் கருதினாலும் போதும் என்று கணினிகளுக்கு இடங்கொடுத்தது. அடைமொழியே ஆறு எழுத்தானால், அதன்பின் வரும் பெயர்கள் யாவும் ஒன்றாகவே தோன்றும். 1999-ஆம் ஆண்டின் தரவரையறையிலேயே அவ்வெல்லை 31 எழுத்துகளாக உயர்ந்தது.

இவ்வாறு கையால் அடை பூட்டுவதை மொழியின் இலக்கணமாகவே ஆக்கியதைப் பெயர்வெளி என்பர். சி பிளஸ் பிளஸ் மொழியின் முதல் தரவரையறை 1998-இல் வெளிவந்தபோது பெயர்வெளி அதில் இடம்பெற்றது. 1991-இல் வெளியான பைத்தானில் ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு பெயர்வெளி உடையது. இடப்பெயரை முன்னும் செயற்கூற்றின் பெயரைப் பின்னும் வைத்து, இடையே பைத்தானில் ஒரு புள்ளியும் சி பிளஸ் பிளஸ்ஸில் இரட்டை முக்காற்புள்ளியும் இடுவர். மேலே கண்ட எடுத்துக்காட்டில் ‘கோப்பு.படி’ என்றும் ‘காப்பு.படி’ என்றும் எழுதினால் மயக்கத்திற்கு இடமே இல்லை.

பெட்டாலிங் ஜெயாவின் சாலைப் பெயர்கள் இம்முறைக்கு நல்ல விளக்கம். ‘எஸ்.எஸ். 2/24’ என்றால், எஸ்.எஸ். 2 என்னும் பிரிவில் 24-ஆம் சாலை என்பது பொருள். ‘24-ஆம் சாலை’ என்று மட்டும் முகவரி எழுதினால் அஞ்சற்காரர் என் செய்வார்? பிரிவுக்குள் எண் ஒன்றே போதும். பிரிவுக்கு வெளியே பிரிவின் பெயரும் வேண்டும். மலேசிய இந்தியர் பெயர்களில் தந்தை பெயர் சேர்ந்து வருவதும் இவ்வகையே. வகுப்பில் இரண்டு கவிதாக்கள் இருந்தால், ஆசிரியர் எவர் பெயரையும் மாற்றுவதில்லை. தந்தை பெயரைச் சேர்த்து அழைக்கிறார்.

சார்பினால் பொருள் அறிதல்

எல்லா இடத்தும் அடைமொழி வேண்டுமோ எனின், வேண்டா. சில இடங்களில் உடன்வரும் சொற்களே பொருளைத் தெளிவாக்கும். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இருவகையாகப் பிரித்தார். வினை வேறுபடும் பலபொருள் ஒருசொல் என்பது ஒன்று. வினை வேறுபடாப் பலபொருள் ஒருசொல் என்பது மற்றொன்று. ‘மா’ என்னும் சொல் மரத்தையும் குதிரையையும் குறிக்கும். ‘மா காய்த்தது’ என்றவிடத்து மரம் என்பதும், ‘மா கனைத்தது’ என்றவிடத்துக் குதிரை என்பதும் வினையால் விளங்கும். ‘மா வளர்ந்தது’ என்றாலோ மரமும் வளரும், குதிரையும் வளரும். வினை துணை செய்யாது. அங்கே சொல்லுவோனே ‘மாமரம் வளர்ந்தது’ என்று விதந்து கூறுதல் வேண்டும்.

கணினி மொழிகள் சிலவற்றில் இப்பாகுபாடு அப்படியே அமைந்திருப்பதைக் காணலாம். சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரே பெயரில் பல செயற்கூறுகளை வைத்துக்கொள்ள இடமுண்டு. ‘கூட்டு’ என்னும் பெயரில் எண்களைக் கூட்டுவதற்கு ஒன்றும் சொற்களை இணைப்பதற்கு ஒன்றும் இருக்கலாம். அழைக்கும்போது உடன் தரப்படுவன எண்களா சொற்களா, எத்தனை தரப்படுகின்றன என்பதைக் கண்டு, ஏற்றதைக் கணினி தேர்ந்துகொள்ளும். இது ‘மா காய்த்தது’ போன்றது. இரண்டும் ஒருபடித்தாகப் பொருந்துமாயின், எதுவென்று தெளியவில்லை எனக் கூறி நின்றுவிடும். இது ‘மா வளர்ந்தது’ போன்றது. அங்கே எழுதுவோனே இடத்தை விதந்து கூறுதல் வேண்டும். சார்பு துணை செய்யுமிடத்தில் பெயர் சுருங்கலாம். துணை செய்யாத இடத்தில் விரிந்தே தீரவேண்டும் என்னும் விதி இரண்டிடத்தும் ஒன்றே.

சுருக்கப் பெயரும் தேவையான பெயரும்

அடைமொழி நீண்டுவிட்டால் எழுதுவோர்க்குச் சலிப்பு உண்டாகும். அச்சலிப்பே, நூலகத்தின் பெயர்கள் அனைத்தையும் ஒருசேர வருவிக்கும் பழக்கத்திற்கு வித்து. அதற்கு மாற்றாக இரு நல்ல வழிகள் உள்ளன. முதலாவது, நூலகத்திற்கு ஒரு சுருக்கப் பெயர் இட்டுக்கொள்வது. ‘காப்பு’ என்பதைக் ‘கா’ என்று இந்நிரலில் அழைப்பேன் என முதல் வரியில் அறிவித்துவிட்டால், பிறகு ‘கா.படி’ என்றே எழுதலாம். இரண்டாவது, வேண்டிய செயற்கூறுகளை மட்டும் பெயர் சொல்லி வருவிப்பது. நூறு பெயர்கள் உள்ள நூலகத்தில் இரண்டு மட்டுமே தேவையென்றால், இரண்டை மட்டும் அழைப்பதே தக்கது. அவ்விரண்டனுள் ஒன்று வேறொன்றோடு மோதுமாயின், அதனை வேறு பெயரால் வருவிக்கவும் பைத்தானில் இடமுண்டு.

சுருக்கப் பெயருக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்பது நிரலின் தலைப்பிலேயே காணப்பட வேண்டும். பத்தாண்டு கழித்து வேறொருவர் அந்நிரலைத் திருத்த நேரும். கடிதத்தின் நடுவே விளக்கமின்றி வரும் குறுக்கெழுத்துப் போல அது அவரை மயக்கக்கூடாது.

நூலகத்தின் பெயரே மோதினால்?

இதுகாறும் கூறியவை, நூலகங்களின் பெயர்கள் வெவ்வேறாக இருக்கும்போது பயன்படும். நூலகத்தின் பெயரே ஒன்றாக இருந்தால் அடைமொழியும் உதவாது. இரண்டு ஊர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், ஊர்ப்பெயரை முன்னே வைத்துப் பயன் யாது?

தமிழ்க் கணிமையிலேயே இதற்குச் சான்று உண்டு. தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத உதவும் ‘எழில்’ என்னும் மொழியை உருவாக்கி, அதுபற்றி 2009-ஆம் ஆண்டில் கட்டுரையும் வெளியிட்டவர் முத்து அண்ணாமலை. அவர் பிறருடன் சேர்ந்து வளர்த்த ‘ஓப்பன்-தமிழ்’ என்பது, தமிழ் எழுத்துகளைப் பிரித்தல், எண்ணுதல், வரிசைப்படுத்தல் முதலிய பணிகளுக்கான பைத்தான் தொகுப்பு. அதனுள் ‘தமிழ்’ என்னும் பகுதியோடு, ஆங்கில எழுத்தில் தட்டியதைத் தமிழாக்கும் ‘டிரான்ஸ்லிட்டரேட்’ என்னும் பகுதியும் தனிப் பெயரோடு இடம்பெற்றது. வேறு மொழிகளின் எழுத்துப் பெயர்ப்புக்கென வேறொருவர் இயற்றிய பொதுவான பைத்தான் நூலகம் ஒன்றும் அதே பெயரையே உடையது. இவ்விரண்டையும் ஒரே கணினியில் ஒரே இடத்தில் நிறுவினால், இரண்டும் ஒரே பெயருள்ள உறைக்குள் சென்று விழும். பின்வந்ததன் கோப்புகள் முன்னதன் கோப்புகளை அழிக்கவும் கூடும். எவர்மீதும் குற்றமில்லை. எழுத்துப் பெயர்ப்புச் செய்யும் நூலகத்திற்கு எழுத்துப் பெயர்ப்பு என்று பெயரிடுவது இயல்பேயன்றோ?

இதற்குத் தீர்வு இருவகை. ஒன்று, இருவரையும் வெவ்வேறு வீடுகளில் குடியேற்றுவது. ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி நூலகத் தொகுதியை அமைத்துக்கொள்ளும் ஏற்பாடு, 2012-இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் மொழியுடனேயே வருகின்றது. ஒரே நிரலுக்கு இரண்டும் தேவையென்றால் இது போதாது. அப்போது இரண்டாவது வழியே தக்கது. அதாவது, பெயர்கள் தோன்றும்போதே உலகிற்குள் ஒன்றாக இருக்கும்படி செய்தல். ஜாவா மொழியினர் இதற்கு ஓர் உபாயம் கண்டனர். நூலகத்தை வெளியிடும் நிறுவனத்தின் இணைய முகவரியைத் தலைகீழாகத் திருப்பி, அதனையே அடைமொழியாக வைப்பது அவர்கள் வழக்கம். இணைய முகவரிகளைப் பதிவகங்கள் வழங்குவதால், ஒரே முகவரி இருவர்க்கு வாய்க்காது. மலேசிய அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணும் இவ்வகையினதே. தந்தை பெயரும் மகன் பெயரும் இருவர்க்கு ஒத்திருக்கலாம். பதிவு எண் ஒவ்வாது. அடைமொழி எவ்வளவு நீண்டாலும், ஒருவர்க்குக் கொடுத்ததை மற்றொருவர்க்குக் கொடுக்காத பதிவகம் ஒன்று இறுதியில் இருந்தே ஆகவேண்டும்.

எவர் விட்டுக்கொடுப்பது?

சில வேளைகளில் அடைமொழி இடவும் இயலாது. தனியே வைக்கவும் இயலாது. ஒருவர் பெயரை விட்டுக்கொடுத்தே தீரவேண்டும். எவர் விட்டுக்கொடுப்பது? இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இவ்வினா 2018-இல் எழுந்தது. அடுக்கடுக்காக உள்ள பட்டியலைத் தட்டையாக்கும் செயற்கூறு ஒன்றை மொழியிலேயே சேர்க்க, அம்மொழியின் தரக்குழுவினர் முனைந்தனர். அதற்கு ‘ஃபிளாட்டன்’ எனப் பெயரிட்டனர். மூடூல்ஸ் என்னும் பழைய நூலகம் அதே பெயரில் தன் செயற்கூற்றை மொழியின் பட்டியல் வகைக்குள் முன்பே செருகியிருந்தது. சோதனைக்காகப் புதிய செயற்கூற்றை உலாவியில் சேர்த்தபோது, அந்நூலகத்தை நம்பியிருந்த பழைய பக்கம் ஒன்று செயலிழந்தது.

பிறர்க்குரிய இடத்தில் பெயரைச் செருகியது மூடூல்ஸின் பிழையே என்று பலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும், அந்நூலகத்தைக் கொண்டு என்றோ எழுதப்பட்டு, பிறகு எவராலும் பேணப்படாமல் கிடக்கும் பக்கங்களை யார் திருத்துவார்? அவற்றைப் படிப்போர் செய்த குற்றம் யாது? தரக்குழுவினர் தாமே விட்டுக்கொடுத்தனர். பெயர் ‘ஃபிளாட்’ எனச் சுருக்கப்பட்டு, 2019-ஆம் ஆண்டுத் தரவரையறையில் இடம்பெற்றது. மாற்ற இயல்பவர் மாறினார். மாற்ற இயலாதவர் காக்கப்பட்டார்.

ஜேகுவெரி என்னும் நூலகத்தின் நடத்தையும் குறிப்பிடத்தக்கது. டாலர் குறியைத் தன் சுருக்கப் பெயராக அது கொண்டது. புரோட்டோடைப் என்னும் நூலகமும் அக்குறியையே முன்பு முதல் கையாண்டு வந்தது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால், ஒரு சிறு ஆணையால் டாலர் குறியை முன்னவர்க்கே திருப்பித் தந்துவிட்டு, ஜேகுவெரி தன் முழுப்பெயரால் வழங்கும். பின்வந்தவன் முன்னிருந்தவனுக்கு வழிவிடும் ஏற்பாட்டைத் தன்னுள்ளேயே வைத்திருப்பது அந்நூலகத்தின் பண்பு.

தமிழ் எழுத்தில் வரும் தனி மயக்கம்

2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் செயற்கூறுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயரிடலாம். இதில் தமிழர் எதிர்நோக்கும் மயக்கம் ஒன்று உண்டு. இதுவரை கண்டது, ஒரு பெயர் இரு பொருளுக்கு ஆவது. இதுவோ, கண்ணுக்கு ஒரே பெயராய்த் தோன்றுவது கணினிக்கு இரு பெயராய் நிற்பது.

‘கொடு’ என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. பைத்தான் மொழி பெயர்களை ஒரு நிலைப்படுத்திப் பார்ப்பதால் இவ்விரண்டும் அங்கே ஒன்றாகிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அவ்வாறு செய்வதில்லை. அதற்கு அவை இரண்டு பெயர்கள். இதனினும் கடியது ஔகாரம். ‘ஔவை’ என்பதில் முதலெழுத்து ஒன்றே. அதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டினால் ‘ஒளவை’ எனக் கிட்டத்தட்ட அதே வடிவில் தோன்றும். இம்மயக்கத்தை எந்தக் கணினி மொழியும் தீர்த்துவைக்காது. இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள். ஒருவர் ‘ஔவை’ என வரையறுத்ததை மற்றவர் ‘ஒளவை’ என அழைத்தால், அப்படியொரு பெயரே இல்லை எனக் கணினி மறுக்கும். நெடுநேரம் உற்று நோக்கினாலும் காரணம் புலப்படாது. எழுத்திலக்கணம் அறிந்த ஆசிரியர் ஒருவரே இதனை ஒரு நொடியில் காட்டுவார்.

வகுப்பறைக்கு வேண்டுவன

கணினிப் பாடம் கற்கும் மாணவர்க்கு இவற்றைச் சொல்லித்தரும் ஆசிரியர், கருவிகளிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சாத்தனார் ஐவரின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவர்களை வேறுபடுத்துவது எது என்று கேட்கலாம். ‘மா’ என்னும் சொல்லைக் கொண்டு வாக்கியங்கள் அமைக்கச் செய்து, எங்கே பொருள் தெளிவாகிறது, எங்கே தெளியவில்லை என்று பிரிக்கச் சொல்லலாம். பிறகு பெயர்வெளி என்று சொன்னால், அது புதுச்சொல்லாக மட்டுமே இருக்கும். கருத்து முன்னரே பதிந்திருக்கும்.

மாணவர் நிரல் எழுதும்போது வற்புறுத்த வேண்டியவை சில. நட்சத்திரக் குறியிட்டு அனைத்தையும் வருவித்தல் ஆகாது. ‘மறைக்கப்பட்டது’ என்னும் அறிவிப்பைப் படிக்காமல் கடத்தல் ஆகாது. மொழியில் முன்பே உள்ள பெயரைத் தன் செயற்கூற்றுக்கு இடுதல் ஆகாது. ஒரு கோப்பை அழிக்கவோ மேலெழுதவோ வல்ல செயற்கூற்றை, எத்துணை நீண்டதாயினும், இடப்பெயரோடு சேர்த்தே எழுதுதல் வேண்டும். வாசிப்பதில் நேரும் மயக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். அழிந்த பதிவேட்டைத் திருத்த இயலாது. ‘காப்பு’ என்னும் இரண்டு எழுத்துகளும் ஓர் ஒற்றும் ஒரு புள்ளியும் கூடுதலாகத் தட்டுவதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது. ஒரு பள்ளியின் பிள்ளைகளுடைய பெயர்கள் அதனால் காக்கப்படும்.